கானில் படித்த மீன் பாடம்

கண்ணாடிப் போத்தல்கள் இரண்டை ஒட்டி வைத்து, நடுவில் ஓர் அட்டைத் துண்டைச் செருகியிருப்பார்கள். போத்தலுக்கு ஒன்றாக, பாதி விரல் நீளத்தில் ஒரு சண்டைமீன். காய்ந்த நாட்டுவாதுமை இலை ஊறி ஊறி, தண்ணீர் பால் கலக்காத தேநீரின் நிறத்துக்கு வந்திருக்கும். அட்டையை உருவியதும், அதுவரை மங்கிக் கிடந்த மீன் கறுக்கும். உடம்பில் நீலமும் பச்சையும் மினுங்கும். வாலோரத்துச் சிவப்புப் பிறை விரியும். செவுளை உப்பிக்கொண்டு எதிர்ப் போத்தல் மீனை முறைக்கும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பையன்களின் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்தப் பையன்கள் மீனைக் கடையில் வாங்கவில்லை. கான் எனப்படும் வாய்க்காலின் ஓரத்துப் புல்லடியில் எச்சில் போல ஒரு நுரைத் திட்டு மிதந்தால், அதற்கடியில் ஆண் மீன் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நுரைதான் கூடு. முட்டைகளை அதில் ஒட்டி வைத்து ஆண் மீன் காவல் நிற்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், கரையில் குந்தியிருந்து பார்த்தே கற்றுக்கொண்டார்கள். மலாய்க்காரர்கள் இக்கான் லாகா என்று அழைக்கும் சண்டைமீன்களில், மேற்குக் கரைச் சமவெளியில் வாழும் இந்த வகைக்கு 'பெட்டா இம்பெல்லிஸ்' என்று அறிவியல் தனிப்பெயர் வைத்தது 1975இல்தான்.

இன்றைக்கு நாட்டு மீன்களைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்ய இயற்கை ஆர்வலர்கள் பட்டறை நடத்துகிறார்கள். கைவலையும் வாளியும் வெள்ளைத் தட்டுமாக நீரில் இறங்கி, மீனைப் பிடித்துப் பார்த்து, பெயர் சொல்லி, மறுபடியும் நீரிலேயே விடுகிறார்கள். பார்ப்பதற்குப் புதிய முறை போலத் தெரியும். பேராக்கின் தோட்டப்புறங்களில் பல தலைமுறைகளாக வாத்தியார் இல்லாமலே நடந்துவந்த பாடம் அது. இடையில் அது எப்படி அறுந்துபோனது என்பதில் ரப்பர், ஈயம், மலேரியா எல்லாவற்றின் கதையும் சேர்ந்திருக்கிறது.

கடல் தாண்டியும் அதே மீன்

1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ, செடிகொடிகளில் பெரும் ஆர்வம் கொண்டவர். அந்தத் தலைமுறை மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் காடுகள் வேகமாகத் தோட்டங்களாயின. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு என்று தமிழ்நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூலித் தொழிலாளர்களை உதவித் தொகையோடு அனுப்புவதை 1938இல் இந்தியா நிறுத்தும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

வந்தவர்களுக்கு மரம் புதிது, மழை புதிது, மொழி புதிது. ஆனால் கானில் கையை விட்டபோது அகப்பட்டது புதிதல்ல. அது விரால். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்றார்கள். ஈப்போவின் கண்டோனீஸ் சீனர்கள் சாங் யூ என்றார்கள். தஞ்சாவூர் வாய்க்காலில் இருந்த அதே மீன், அதே பாம்புத் தலை, அதே வழுக்கல். சேற்றைக் கிளறினால் மீசையோடு கெளுத்தி வந்தது. மழை பெய்து ஓய்ந்ததும் செம்மண் சடக்கைக் கடந்து செவுளாலேயே ஊன்றி ஊன்றி நடந்து வந்தது ஒரு மீன். மலாயில் அதன் பெயர் பூயு. ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு அது பனையேறி, சிலருக்குச் சென்னல்.

இந்தப் பனையேறிக்கு அறிவியல் உலகில் புகழ் வந்ததும் தமிழ்க் கரையிலிருந்துதான். அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியில், 1791 நவம்பரில், டால்டார்ஃப் என்ற அதிகாரி குளக்கரைப் பனைமரத்தின் பட்டையில் இந்த மீனைக் கண்டதாக எழுதினார். நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில், செவுள் முள்ளால் பற்றிக்கொண்டு அது மேலே ஏறிக்கொண்டிருந்ததாம். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் இதை வெளியிட்டது. பனை ஏறுவதைப் பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். தரையில் நடப்பதை யாரும் மறுக்கவில்லை. மழைக்காலத்தில் பேராக்கின் எந்தத் தோட்டத்துக் குழந்தையும் சாட்சி சொல்லியிருக்கும்.

மலாய்த் தீபகற்பத்து மீன்களை முதலில் விரிவாகப் பட்டியலிட்டவரும் டென்மார்க்கில் பிறந்தவரே. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரான தியோடர் கேண்டர், பினாங்கில் இருந்தபோது சேகரித்த மீன்களைப் பற்றி எழுதிய நூல் 1849–50இல் வந்தது. காட்டோடைச் சண்டைமீனான 'பெட்டா பக்னாக்ஸ்' அதில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இது நுரைக்கூடு கட்டாது. ஓடுகிற நீரில் நுரை நிற்காதல்லவா? ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து, குஞ்சு வெளிவரும் வரை காக்கும். சமவெளிக் கானில் ஒரு வழி, மலையடி ஓடையில் வேறு வழி.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இன்னொரு மருத்துவர் பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில், மீன்களின் லத்தீன் பெயரோடு தமிழ்ப் பெயரையும் குறித்து வைத்தார். அந்தப் பெயர்களை அவருக்குச் சொன்னவர்கள் மீனவர்களும் சந்தைக்காரர்களும். கையால் பிடித்தவர்களிடமிருந்து நூலுக்குப் போன பெயர்கள் அவை. கங்காணியோடு கப்பலேறியவர்கள் நூல் எதுவும் இல்லாமலே அதே பெயர்களை நாக்கில் சுமந்து வந்தார்கள்.

தேங்கிய நீரில் வாழும் கலை

தோட்டத்துக் கான் என்பது மீனுக்குச் சுகமான இடமல்ல. ஆழமில்லை, நிழலில்லை, வெயிலில் சுடும். ரப்பர் இலை உதிர்ந்து அழுகினால் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துபோகும். அங்கேயும் இந்த மீன்கள் பெருகியதற்குக் காரணம் அவற்றின் தலைக்குள் இருக்கிறது. பனையேறி, மலாய்க்காரர்கள் செப்பாட் என்று அழைக்கும் மீன், சண்டைமீன் மூன்றுக்கும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கினால், அந்த மடிப்புகளில் ஓடும் ரத்தம் காற்றிலிருந்தே பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். விராலுக்குச் செவுளுக்கு மேல் அதற்கென ஓர் அறை. கெளுத்திக்குச் சின்ன மரக்கிளைகள் போலக் கிளைத்த உறுப்பு. ஈரச் சாக்கில் சுற்றி வைத்த விரால் நெடுநேரம் உயிரோடு கிடப்பதும் அதனால்தான்.

விராலின் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எளிது. நீர்ப்பரப்பில் சிவப்பாக ஒரு திட்டு கொதிப்பது போலத் துள்ளும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாகக் காற்று வாங்குகின்றன. கீழே பெற்றோர் இரண்டும் காவலுக்கு இருக்கும். தூண்டிலைப் பக்கத்தில் போட்டால் பசிக்காக இல்லாவிட்டாலும் கோபத்துக்காகக் கடிக்கும். தாய்தகப்பன் காவலில் இருக்கும்போது விராலைப் பிடிக்கக் கூடாது, குஞ்செல்லாம் மற்ற மீனுக்கு இரையாகிவிடும் என்று தோட்டத்துப் பெரியவர்கள் தடுப்பார்கள். பாதுகாப்பு என்ற சொல் தெரியாமலே கைக்கொண்ட பாதுகாப்பு விதி அது.

சமையலறையில் விராலுக்குத் தனி மரியாதை. பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை செய்துகொண்டவருக்கும் அதைக் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். மலாய், சீன வீடுகளிலும் இதே நம்பிக்கை. புண் ஆறுவதற்கும் இந்த மீனுக்கும் என்ன தொடர்பு என்று மலேசியப் பல்கலைக்கழகங்களில் பிற்பாடு ஆய்வுகள் நடந்ததற்கு அடிப்படையே இந்த வீட்டு வைத்தியம்தான்.

எண்ணெயும் அமிலமும் மணலும்

அந்தத் தண்ணீரே தோட்டத்து மக்களைக் கொன்ற காலமும் உண்டு. மலேரியா. காட்டை வெட்டியதால் நிழலில் ஓடிய மலையடி ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் 'அனோபிலிஸ் மாக்குலேட்டஸ்' என்ற கொசு பெருகியது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் இந்தத் தொடர்பை ஆராய்ந்து, கொசு வகைக்கேற்ப வடிகால் முறையை மாற்ற வேண்டும் என்று காட்டினார். ஓடைகளைக் குழாய்க்குள் புதைப்பதும், வாராவாரம் நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் தோட்ட வேலைகளாயின. எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவின் மூச்சை அடைத்தது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை அது காப்பாற்றியது; அதே வேளையில் பல ஓடைகள் ஓடைகளாக இல்லாமல் போயின.

ரப்பர்ப் பாலை உறையவைக்க அமிலம் வேண்டும். ஸ்டோரில் தகடு அடித்து முடிந்ததும் புளித்த கழிவுநீர் கானில் கலக்கும். அதன் வாடை தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மறக்காது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன் கீழ் செம்பனை ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் வந்த விதிகளும்தான் அந்தக் கழிவுநீருக்குக் கடிவாளம் போட்டன.

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஆறுகளை மாற்றியது ஈயம். உலகத்தின் மிகச் செழிப்பான ஈயப் படிவுகளில் ஒன்றை நீரால் அரித்துக் கழுவி எடுத்தபோது மண்ணும் மணலும் ஆறுகளில் இறங்கின. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிக்கு நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டது. 1982 வரை மண்ணைத் தின்றது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் மிஞ்சியவை குட்டைகள். பத்துகாஜா பக்கத்தில் சில குட்டைகள் பறவைகளின் புகலிடமாயின; இன்னும் பல மீன்பண்ணைகளாயின. ஆனால் பண்ணையில் வளர்வது பெரும்பாலும் வெளிநாட்டு மீன்.

பெரிய ஆற்றின் கதை வேறு. பேராக் ஆற்றில் தெமோலே என்ற மீன் உண்டு. உடம்பின் நீளத்துக்குக் கறுப்புக் கோடுகள் ஓட, ஒன்றரை மீட்டர் வரை வளரும் கெண்டை இனம். மலேசியாவில் பேராக், பகாங் ஆறுகளே அதன் வீடு. முட்டையிட ஆற்றோடு ஏறிப் போகும் இந்த மீனின் பாதையில், 1930இல் செண்டரோ அணை எழுந்தது. பிறகு அதற்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் அணைகளும் வந்தன. இன்று தெமோலே உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்களின் பட்டியலில் இருக்கிறது.

கண்ணாடிக் குடுவைக்குள் போன அறிவு

மீனைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் பேராக்குக்குப் புதிதல்ல. மலேசியாவின் முதல் அருங்காட்சியகம் 1883இல் தைப்பிங்கில்தான் தோன்றியது. அதன் முதல் காப்பாளர் லியோனார்ட் ரே, உயிரினங்களையும் பழங்குடியினரின் கருவிகளையும் சேகரித்தார். 1940இல் மலாயா இயற்கைக் கழகம் பிறந்தது. அதன் இதழில், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், நெல்வயல் மீன்களைப் பற்றி எம். கே. சூங் தொடராக எழுதினார். செப்பாட் சியாம், ஹாருவான், கெலி என்று சாதாரண மக்கள் தின்னும் மீனைப் பொருளாக எடுத்துக்கொண்டது அந்தத் தொடரின் சிறப்பு. 1983இல் மோசினும் அம்பாக்கும் தீபகற்ப மலேசியாவின் நன்னீர் மீன்கள் பற்றிய நூலைத் தந்தார்கள். 1990இல் சிங்கப்பூரில் கெல்வின் லிம்மும் பீட்டர் இங்கும் எழுதிய சிறு கையேடு, ஓடையோரத்தில் பையிலிருந்து எடுத்துப் பார்க்கும் வகையில் அமைந்தது.

இவை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படி முளைத்த தமிழ்ப் பள்ளிகளின் வாசலுக்கு இந்த நூல்கள் வரவில்லை. வாசலுக்கு முன்னால் ஓடிய கானில் மட்டும் மீன்கள் இருந்தன.

பிறகு கானும் போனது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டு சில தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றியது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனைக்குப் பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை விட்ட குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார் நகரங்களின் ஓரத்தில் தரைவீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போயின. அங்கே வீட்டு முன்னால் இருப்பது அல்லூர் எனப்படும் சிமெண்ட் வடிகால்.

நத்தை ஆறு என்று பொருள்படும் சுங்கை சிப்புட்டிலும், தாப்பா என்ற பெரிய கெளுத்தியின் பெயரைத் தாங்கியதாகச் சொல்லப்படும் தாப்பா நகரிலும், ஊர்ப் பெயரில் உள்ள உயிரைக் கண்ணால் பார்க்காமல் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டன் சற்றுத் தள்ளி நின்று நுரையைப் பார்த்தே மீனைச் சொன்னவர். பேரனுக்கு மீன் என்றால் மீன்தொட்டிக் கடை.

வெள்ளைத் தட்டின் முன்னால்

பட்டறையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. முதலில் கையை நனைக்க வேண்டும். காய்ந்த கையால் தொட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் படலம் உரிந்துவிடும். அந்தப் படலம்தான் நோய் அண்டாமல் அதைக் காக்கும் தோல். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் நீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரலாம். வலையை நீரின் நடுவில் வீசினால் ஒன்றும் அகப்படாது. கரையோரப் புல்லுக்கு அடியில் வைத்து, காலால் புல்லை மிதித்து அசைக்க வேண்டும். வந்ததை ஒரு விரற்கடை நீர் உள்ள வெள்ளைத் தட்டில் கொட்டினால், சேற்று நிறத்தில் தெரிந்தது எல்லாம் தனித்தனி உயிராகப் பிரியும்.

கெளுத்தி வந்தால் பிள்ளைகள் முதலில் மீசையைத் தொடப் பார்ப்பார்கள். பக்கச் செட்டை முள்ளைக் காட்டி எச்சரித்த பிறகு, எட்டு மீசைகளையும் எண்ணச் சொல்லலாம். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை, மீசையால்தான் அது ருசி பார்க்கிறது என்று தெரியும்போது அவர்கள் மீனைப் பார்க்கும் முகமே மாறும். அடுத்ததாக, ஒல்லியான கண்ணாடிப் பெட்டியில் பனையேறியை விட்டுப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். செவுள் மூடியின் ஓரம் ரம்பம் போல இருக்கும். சற்று நேரத்தில் அது மேலே போய் ஒரு குமிழ் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். மீன் தண்ணீரில்தானே மூச்சு விடும் என்ற பாடம் அந்த ஒரு குமிழில் திருத்தப்படும்.

பிறகு கசப்பான பகுதி. பட்டணத்து அல்லூரில் வலை போட்டால் வருபவை பெரும்பாலும் மூன்று: கப்பி, திலாப்பியா, இக்கான் பண்டாராயா. பிள்ளைகள் மூன்றையும் உள்ளூர் மீன் என்றே நினைத்திருப்பார்கள். கப்பி தென்அமெரிக்காவைச் சேர்ந்தது. கொசுப்புழுவைத் தின்னும் என்று உலகெங்கும் கால்வாய்களில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவின் திலாப்பியா ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கு வந்தது. பழைய ஆட்கள் அதை ஜப்பான் மீன் என்றே சொல்வார்கள். தொட்டியைச் சுத்தம் செய்வதால் மாநகராட்சி மீன் என்று பெயர் பெற்ற பண்டாராயா, தென்அமெரிக்காவிலிருந்து அலங்காரத் தொட்டி வழியாக வந்து, வளர்ந்ததும் ஆற்றில் வீசப்பட்டது. புண்ணியத்துக்கென்று மீனை வாங்கி ஆற்றில் விடுவது நாட்டு மீனுக்குத் தீங்காக முடியும் என்பதை இந்தத் தட்டின் முன்னால் சொன்னால் மறக்காது. கிரியான் நெல்வயல்களின் கருவாட்டுக்குப் பெயர்போன செப்பாட் சியாமும் சியாமிலிருந்து வந்ததுதான்; பெயரே சொல்கிறது. உள்ளூர்ச் செப்பாட்டை அதன் பக்கத்தில் வைத்தால், உடம்பில் ஒன்று, வாலடியில் ஒன்று என இரண்டு கறுப்புப் பொட்டுகளால் அடையாளம் தெரியும்.

பழைய தோட்டத்து நிலத்தில் இப்படி ஒரு பட்டறை நடக்கும்போது பிள்ளைகளோடு பாட்டிமாரும் தாத்தாமாரும் வரவேண்டும். எந்தக் கானில் எந்த மாதம் எந்த மீன் ஏறியது, எங்கே ஊற்று இருந்தது, எந்த மீனை எந்த நோய்க்குக் கொடுத்தார்கள் என்பதற்கு அவர்களைத் தவிர வேறு ஆவணம் இல்லை. தைப்பிங் அருங்காட்சியகத்தின் ஏடுகளிலும் அது கிடைக்காது. பிள்ளைகளின் குறிப்பு அட்டையில் லத்தீன் பெயர், மலாய்ப் பெயர், சீனப் பெயர் ஆகியவற்றுக்குக் கீழே தமிழ்ப் பெயருக்கும் ஒரு வரி விட வேண்டும். அதை நிரப்பக்கூடியவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

பட்டறையின் கடைசி வேலை, பிடித்ததைப் பிடித்த இடத்திலேயே விடுவது. வாளியைச் சாய்த்து, வாய் நீருக்குள் அமிழும் வரை பொறுத்திருக்க வேண்டும், கொட்டக் கூடாது. சண்டைமீன் உடனே புல்லடிக்குள் மறையும். விரால் குஞ்சுகள் சற்றுக் கலைந்து மறுபடி திரளும். பனையேறி மட்டும் அவசரப்படாது. கரையோரச் சேற்றில் ஒரு நிமிடம் கிடந்து, மேலே வந்து ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொண்டு, பிறகுதான் உள்ளே போகும்.